ஆண் குழந்தைக்கு ஊரறிந்த பெயரா, புதுப் பெயரா? வேலூர்ப் பக்கத்துப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பழைய வட ஆற்காடு இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று நான்கு மாவட்டங்களாகக் கிடக்கிறது. பையன் பிறந்த வீட்டில் நடக்கும் வாக்குவாதம் மட்டும் நான்கிலும் ஒன்றுதான். தாத்தா தெரிந்த பெயராக வை என்கிறார். அப்பாவும் அம்மாவும் யாருக்கும் இல்லாத பெயராகத் தேடுகிறார்கள். அந்த வாக்குவாதத்தில் வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

தெரிந்த பெயர் நல்லதா, புதுப் பெயர் நல்லதா? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

ஒருமுறை காதில் விழுந்ததும் பிழையில்லாமல் எழுத முடிகிற பெயர் நல்லது. அது பழையதாகவும் இருக்கலாம், புதியதாகவும் இருக்கலாம். பெயரால் வரும் தொல்லைகளில் பெரும்பகுதி எழுத்தால் வருவதுதான். யாருக்கும் தெரியாத பெயராக இருப்பதால் வருவது கொஞ்சமே.

தெரிந்த பெயர் என்று எதைச் சொல்கிறீர்கள்?

அது ஊரைப் பொறுத்தது. விரிஞ்சிபுரத்தைச் சுற்றி மார்க்கபந்து என்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அங்கே கோயில் கொண்டிருப்பவர் மார்க்கபந்தீஸ்வரர். அதே பெயரை மதுரையில் சொன்னால் இரண்டு முறை கேட்பார்கள். ஏழுமலை, எத்திராஜ், முனிரத்தினம், திருவலத்து வில்வநாதன், சோளிங்கரை நினைத்து வைக்கும் நரசிம்மன் எல்லாம் இந்தப் பக்கத்தில் சாதாரணம். ஆரணி, போளூர்ப் பக்கத்துத் தமிழ்ச் சமணர் வீடுகளில் நேமிநாதன் பழகிய பெயர். போளூரை அடுத்த திருமலையில் பாறையில் செதுக்கிய நேமிநாதர் நிற்கிறார். வேலூர் டவுனில் அதே பெயர் புதுசாகத் தெரியும்.

திரௌபதி அம்மன் கோயில் இருக்கும் கிராமங்களில் பாரதக் கூத்து வழியாக வந்த பெயர்கள் இன்னொரு வகை. அர்ச்சுனன், தருமன், சகாதேவன், அபிமன்யு மட்டுமில்லாமல் துரியோதனனும் உண்டு. படுகளத்தன்று, அதாவது பாரதப் போரின் முடிவை நடத்திக் காட்டும் நாளில், மண்ணால் செய்து கிடத்தியிருக்கும் துரியோதனனைப் பார்த்துக் கண் கலங்கும் ஊரில் அது மரியாதையான பெயர். ஆனால் பையன் படிக்கவும் வேலைக்கும் வேறு ஊர் போவான். அங்கே ஒவ்வொரு முறையும் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். அதற்குத் துணிவிருந்தால் வைக்கலாம்.

புதுப் பெயர் வைத்தால் வகுப்பில் தனித்துத் தெரிவானா?

பெரும்பாலும் இல்லை. இன்று புதுசு என்று தேடுபவர்கள் எல்லாரும் ஒரே பட்டியலைத்தான் பார்க்கிறார்கள். வின், விக், ஷித், ஆன்ஷ் என்று முடியும் பெயர்கள்தான் அதில் நிறைந்திருக்கின்றன. தர்வின், கவின், நவின், அஷ்வின் நாலு பேரும் ஒரே வகுப்பில் இருந்தால் டீச்சர் கூப்பிடும்போது நாலு பேரும் நிமிர்வார்கள். தனித்துத் தெரிய வேண்டும் என்பதுதான் ஆசை என்றால், இரண்டு தலைமுறைக்கு முன் இந்த மண்ணில் வழங்கி இப்போது குறைந்துபோன பெயர்களில் தேடுங்கள். இன்றைய எல்.கே.ஜி. வகுப்பில் வில்வநாதன் என்று ஒரு பையன் இருந்தால் அநேகமாக அவன் ஒருவன்தான். அந்தப் பெயரை எழுதத் தெரியாதவர் யாரும் இருக்க மாட்டார்.

எழுத்துச் சோதனையை வீட்டிலேயே எப்படிச் செய்வது?

அரை மணி நேரம் போதும். பெயரை இதுவரை கேட்காத மூன்று பேரைத் தேர்ந்துகொள்ளுங்கள். கிராமத்தில் இருக்கும் ஒருவர், பள்ளியிலோ அலுவலகத்திலோ எழுத்து வேலை செய்யும் ஒருவர், வெளியூர்க்காரர் ஒருவர். போனில் பெயரை ஒரே ஒரு முறை சொல்லுங்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லுங்கள். எழுத்துகளைப் பிரித்துச் சொல்லக் கூடாது.

மூன்று பேரும் தமிழில் ஒரே மாதிரி எழுதினால் பெயர் தேறியது. ஒருவர் மாறினால் எந்த எழுத்தில் மாறியது என்று பாருங்கள். ன, ண குழப்பமா, ர, ற குழப்பமா, குறில் நெடில் குழப்பமா? அதே இடத்தில்தான் நாளைக்குப் பதிவு அலுவலகத்திலும் தவறும். மூன்று பேரும் மூன்று விதமாக எழுதினால் அந்தப் பெயரை விட்டுவிடுவதே மேல்.

ரேணுகோபால் நல்ல உதாரணம். படவேட்டு ரேணுகாம்பாளை நினைத்து வைக்கும் பெயர், சொல்லவும் எளிது. ஆனால் வெளியூர் எழுத்தர் காதில் அது வேணுகோபால் என்றே விழும், அப்படியே தட்டச்சும் செய்துவிடுவார். குடியாத்தத்தில் கெங்கையம்மன் பெயரால் வைக்கும் கெங்காதரனும் அப்படித்தான். ஊரில் ‘கெ’, வெளியே ‘க’. கெங்காதரன் என்று வைத்தால் எல்லாச் சான்றிதழிலும் கெங்காதரனாகவே இருக்க வேண்டும். ஒன்றில் கங்காதரன் என்று வந்தாலும் அன்றே திருத்தக் கொடுங்கள்.

அடுத்தது ஆயாவின் வாய். வீட்டில் மூத்தவர்களை அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்கள். ஹர்ஷித் அர்சித் ஆகும், யஷ்விக் எசுவிக்கு ஆகும். பையனை அதிகம் கூப்பிடப் போவது அவர்கள்தான். அவர்கள் வாயில் வரும் வடிவமும் உங்களுக்குப் பிடித்திருந்தால் தயங்க வேண்டாம்.

ஆங்கில எழுத்தை எப்படி முடிவு செய்வது?

சான்றிதழுக்கு எழுதிக் கொடுக்கும் முன் முடிவு செய்யுங்கள், பிறகு அல்ல. ஏழுமலையை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ழு’வுக்கு எல் மட்டும் போட்டால் எட்டு எழுத்து, இசட்–எச் போட்டால் ஒன்பது. சிலர் முன்னால் ஒய் சேர்ப்பார்கள். மூன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. பள்ளியில் ஒன்று, ஆதாரில் ஒன்று, வங்கியில் ஒன்று என்று போனால் கணினிக்கு அவர்கள் மூன்று வேறு ஆட்கள்.

கவனிக்க வேண்டிய இடங்கள் நான்கு. ழ வந்தால் எல்லா, இசட்–எச்சா? த வந்தால் டி மட்டுமா, டி–எச்சா? நெடிலுக்கு ஏ ஒன்றா, இரண்டா? வ வந்தால் வியா, டபிள்யூவா? இந்த நான்கில் இரண்டுக்கு மேல் ஒரே பெயரில் இருந்தால் பிழை வருவது கிட்டத்தட்ட உறுதி. ர, ல–வில் தொடங்கும் பெயருக்குத் தமிழிலும் இரண்டு வடிவம் உண்டு. ராஜனா, இராஜனா என்று முன்பே தீர்மானியுங்கள். பள்ளியில் தமிழாசிரியர் ‘இ’ சேர்த்து எழுதிவிட்டால், சான்றிதழோடு பொருந்தாது.

நட்சத்திர எழுத்தில்தான் வைக்க வேண்டுமா?

விருப்பம். ஆனால் விநோதமான பெயர்கள் பல இங்கேதான் பிறக்கின்றன. மகத்துக்கு ம, மி, மு, மே. பிரச்சினையே இல்லை, முருகன் கைகொடுப்பான். ஆயில்யத்துக்கு டி, டு, டே, டோ. தமிழில் எந்தச் சொல்லும் ட–வில் தொடங்காது. அஸ்தத்துக்கு வரும் நான்கில் ண, ட இரண்டும் அப்படியே. உடனே இணையத்தில் தேடி, பொருள் தெரியாத ஒரு பெயரைப் பிடிக்கிறார்கள்.

மூன்று வழி உண்டு. ஒன்று, பாதத்துக்கு உரிய ஒரே எழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்காமல் அந்த நட்சத்திரத்தின் நான்கு எழுத்துகளில் எளிதானதை எடுப்பது. அஸ்தத்தில் ‘பு’ இருக்கிறது, புகழேந்தி வைக்கலாம். இரண்டு, நட்சத்திரப் பெயரைத் தொட்டில் போடும் நாளில் காதில் மூன்று முறை சொல்லிவிட்டு, சான்றிதழில் வேறு பெயர் பதிவது. ரத்தினகிரியிலோ ஜலகண்டேஸ்வரர் கோயிலிலோ அர்ச்சனைக்குப் பெயரோடு நட்சத்திரமும் ராசியும் சொல்லப் போகிறீர்கள், பெயரின் முதல் எழுத்தை யாரும் சரிபார்க்கப் போவதில்லை. மூன்று, எழுத்தையே பார்க்காமல் குலதெய்வத்தின் பெயரை வைப்பது. பெரியவர்களை ஒப்புக்கொள்ள வைப்பது இந்த மூன்றாவதில்தான் எளிது.

எண் கணிதப்படி ஒரு எழுத்து கூடுதலாகச் சேர்க்கச் சொல்கிறார்கள்.

வேண்டாம். கூடுதல் ஏ–வோ எச்–சோ காதுக்குக் கேட்காது. ஆகவே யார் எழுதினாலும் அதை விட்டுவிட்டுத்தான் எழுதுவார்கள். நம்பிக்கை இருந்தால் கையெழுத்தில் சேர்த்துக்கொள்ளலாம். சான்றிதழில் வழக்கமான எழுத்தே இருக்கட்டும்.

தாத்தா பெயரை வைக்கச் சொல்கிறார்கள், எங்களுக்கு அது பழசாகத் தெரிகிறது.

முதலில் ஒரு நடைமுறைச் சிக்கலைப் பாருங்கள். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லாத வீடுகள் இன்னும் உண்டு. அங்கே பையனுக்குத் தாத்தா பெயர் வைத்தால் அம்மா அவனை ‘ராஜா’, ‘சாமி’ என்றே கூப்பிடுவாள். கடைசியில் அதுவே பெயராகிவிடும், சான்றிதழ்ப் பெயர் பள்ளியில்தான் பையனுக்கே அறிமுகமாகும். பள்ளியில் சேர்க்கும் முன் ஆறு மாதமாவது சான்றிதழ்ப் பெயரால் கூப்பிட்டுப் பழக்குங்கள்.

பழசாகத் தெரிகிறது என்றால் சாமியை மாற்றாமல் பெயரை மாற்றலாம். ஏழுமலைக்கு வேங்கடவன், அண்ணாமலைக்கு அருணன், வில்வநாதனுக்கு வில்வன், முனுசாமிக்கு முனீஷ். தாத்தா கும்பிட்ட சாமி அதுவேதான் என்று சொன்னால் பெரும்பாலான தாத்தாக்கள் சமாதானம் ஆகிவிடுவார்கள். ஆனால் தாத்தா காலமாகிவிட்டிருந்தால், ஆயா உயிரோடு இருந்து கேட்டால், முழுப் பெயரையே வையுங்கள். அவர் கேட்பது அந்தப் பெயரைத்தான். வேறு வடிவம் அவருக்கு ஆறுதல் தராது.

அரிதாகவும் இருக்கணும், இந்த மண்ணோடு தொடர்பும் இருக்கணும். அப்படி ஏதாவது?

நிறைய இருக்கிறது. காட்பாடி வட்டத்து மேல்பாடியில் அரிஞ்சயச் சோழனுக்கு ராஜராஜன் எழுப்பிய பள்ளிப்படைக் கோயில், அதாவது இறந்த மன்னனுக்கு எழுப்பும் நினைவுக் கோயில், நிற்கிறது. அரிஞ்சயன் என்ற பெயரை நாம் அதிகம் கேட்டதில்லை, எழுதுவதில் சிக்கல் இல்லை. அரக்கோணம் பக்கத்துத் தக்கோலத்தில் 949–இல் நடந்த போரில் யானை மேலிருந்தபடியே உயிர்விட்ட சோழ இளவரசன் இராசாதித்தன். ஆதித்தன் என்று சுருக்கியும் வைக்கலாம். படைவீட்டைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட சம்புவராயர்களில் இராசகம்பீரன் என்ற பெயர் வருகிறது, கம்பீரன் என்று வைத்தால் பையன் அதைச் சுமக்கத் தயாராக இருக்க வேண்டும்.

செங்கம் பக்கத்தை ஆண்ட நன்னன், மலைபடுகடாம் பாட்டின் தலைவன். நான்கே எழுத்து, எளிய பெயர். ஆனால் தமிழ் படித்தவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள்: பெண்கொலை புரிந்த நன்னன் என்று குறுந்தொகையில் ஒருவன் வருகிறானே? அவன் வேறு நன்னன், கொண்கானத்தைச் சேர்ந்தவன் என்பதே பொதுவாகச் சொல்லப்படுவது. பதில் தெரிந்து வைத்துக்கொண்டால் தயங்காமல் வைக்கலாம். கீழடிப் பானை ஓட்டில் கிடைத்த ஆதன் என்ற பெயரும் சிறியது. ஆனால் இப்போது பலரும் வைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

ரொம்பத் தெரிந்த பெயர் வைத்தால் என்ன கெட்டுவிடும்?

ஒரே ஊரில் ஒரே பெயர், ஒரே அப்பா பெயர் என்று இரண்டு பேர் இருந்தால் ஆவணங்கள் மாறிப் போகும். பட்டாவில், வாக்காளர் பட்டியலில், கூட்டுறவுச் சங்கக் கடனில். ஊருக்குள் ‘கிணத்துமேட்டு ஏழுமலை’, ‘மில்லுக்கார ஏழுமலை’ என்று பிரித்துச் சொல்லலாம், அலுவலகக் கணக்கில் அது ஏறாது. பெயர் வைக்கும் முன் பங்காளி வீடுகளில் விசாரியுங்கள். அண்ணன் தம்பி இருவரும் தங்கள் முதல் பையனுக்கு ஒரே தாத்தா பெயரை வைத்துவிடுவது சாதாரணம். அப்பா பெயர் வேறுதான், ஆனால் இன்ஷியல் ஒன்றாக வந்துவிட்டால் பள்ளியிலிருந்தே குழப்பம் தொடங்கும். ஒருவர் பின்னால் ஒரு சொல் சேர்த்துக்கொள்ளட்டும். ஏழுமலை, ஏழுமலைவாசன் என்று இருந்தால் தீர்ந்தது.

இன்ஷியலையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமா?

கட்டாயம். பெயரை ஒருபோதும் தனியாகப் பார்க்காதீர்கள். அப்பா சாமிக்கண்ணு, பையன் வினோத். தமிழில் சா. வினோத். வருகைப் பதிவில் ஒரு முறை வாசித்தால் போதும், பள்ளி முடியும் வரை அவன் ‘சாவி’. தமிழ் முதலெழுத்தோடு ஒரு தடவை, ஆங்கில முதலெழுத்தோடு ஒரு தடவை சத்தமாக வாசியுங்கள். அம்மா பெயரின் முதலெழுத்தையும் சேர்த்து எழுதலாம். அது சில சமயம் இந்தச் சிக்கலைத் தீர்த்துவிடும்.

இன்ஷியல் பிற்காலத்தில் விரியும் என்பதையும் மறக்காதீர்கள். பான் கார்டில் கடைசிப் பெயர் என்ற கட்டத்தில் ஒற்றை எழுத்து போட முடியாது, அப்பா பெயரை முழுசாகத்தான் போட வேண்டும். பாஸ்போர்ட்டிலும் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விடாமல் அப்பா பெயரைப் போடுவது நல்லது. ஒற்றைப் பெயர் மட்டும் இருக்கும் பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசாவில் அனுமதி இல்லை என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. நம் பக்கத்திலிருந்து வளைகுடாவுக்குப் போகிறவர்கள் நிறையப் பேர் என்பதால் இது வீட்டுக்கு வீடு சம்பந்தப்பட்டது. அப்பா பெயர் நீளம் என்றால் பையன் பெயரைச் சின்னதாக வையுங்கள். வெங்கடசுப்பிரமணியனுக்குப் பிறந்த பையனுக்கு முருகன் போதும்.

எல்லைப் பக்கம், வீட்டில் தெலுங்கோ உருதுவோ பேசுகிறோம். எங்களுக்கு?

சித்தூர்ப் பக்கம் உறவு இருந்தால் ழ வரும் பெயரைத் தவிர்த்துவிடலாம். தெலுங்கில் அந்த எழுத்து இல்லை, அங்கே ள–தான் வரும். பிரசவமே அந்தப் பக்கம் நடந்தால் பிறப்புச் சான்றிதழில் தமிழ் எழுத்தே இருக்காது. பள்ளியில் சேர்க்கும்போது தமிழில் எப்படி எழுத வேண்டும் என்று நீங்களே எழுதிக் கொடுங்கள்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் குடும்பங்களுக்கு முக்கியமானது முகமது. ஆங்கிலத்தில் எம்.டி. என்று சுருக்கி எழுதவே கூடாது. அது பின்னால் ஒரு ஆவணத்தில் விரிந்தும் இன்னொன்றில் விரியாமலும் நிற்கும். முழுசாக, ஒரே எழுத்துக் கூட்டலில் எழுதுங்கள். அஃப்ஸலா, அப்சலா என்பதையும் தமிழில் முன்பே முடிவு செய்யுங்கள்.

பதிவு செய்ய எவ்வளவு நாள் இருக்கிறது?

பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயரை அல்ல. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பல வீடுகளில் ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும் அவசரத்தில் ஏதோ ஒரு பெயரைச் சொல்லிவிடுகிறார்கள். பெயர் இல்லாமலே பிறப்பைப் பதியலாம். பதிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயர் சேர்க்கலாம். அதன்பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். ஆனால் ஒருமுறை சேர்த்த பெயரை வேறு பெயராக மாற்றித் தர மாட்டார்கள்.

2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், அரசு வேலை எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். ஆகவே முதல் தாளிலேயே பெயர் சரியாக இருக்க வேண்டும்.

பதிவு பிறந்த இடத்தில்தான், சொந்த ஊரில் அல்ல. திருப்பத்தூர்க்காரர் குழந்தை வேலூர் மாநகராட்சி எல்லைக்குள் உள்ள ஆஸ்பத்திரியில் பிறந்தால் சான்றிதழ் வேலூர் மாநகராட்சியிலிருந்து வரும். பிறகு பெயர் சேர்க்கவும் அங்கேதான் போக வேண்டும்.

படிவத்தில் எழுதும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

தமிழ்ப் பெயரை நீங்களே கூட்டெழுத்து இல்லாமல் பிரித்து எழுதுங்கள். ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். அப்பா, அம்மா பெயர்கள் அவரவர் ஆதாரில் இருக்கும் எழுத்துப்படியே இருக்கட்டும். இதில்தான் அதிகம் தவறுகிறது, குழந்தை பெயரில் அல்ல. கொடுக்கும் முன் கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு எழுத்துப் பிழை திருத்தக் கேட்கும்போது, பிழை தட்டச்சில் வந்தது என்று காட்ட அது உதவும். எழுத்துப் பிழையைத் திருத்தச் சட்டத்தில் இடம் உண்டு.

பின்னால் பையனுக்கே பெயர் பிடிக்காமல் போனால்?

தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிடலாம். எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறைக்கு விண்ணப்பிக்க வேண்டும், 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் விண்ணப்பிப்பார்கள். பிறப்புச் சான்றிதழில் பழைய பெயர் அப்படியேதான் இருக்கும், கூடவே அரசிதழையும் இணைத்துக் காட்ட வேண்டும். செய்வதாக இருந்தால் பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியல் போகும் முன் செய்யுங்கள். அதன்பின் மதிப்பெண் சான்றிதழ், கல்லூரி, வங்கி என்று ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டியிருக்கும். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும் என்பதால், ஓர் எழுத்துப் பிழைக்காக அதில் ஒன்றை வீணாக்காதீர்கள்.

நாளைக்குத் தொட்டில் போடுகிறோம். இன்னும் முடிவாகவில்லை.

தொட்டில் போடுங்கள். தட்டில் பச்சரிசி பரப்பி, மஞ்சள் துண்டால் குலதெய்வத்தின் பெயரையோ நட்சத்திரப் பெயரையோ எழுதி, அத்தையை விட்டுக் காதில் சொல்ல வையுங்கள். சாங்கியம் அதோடு நிறைவேறிவிடும். பதிவுப் படிவத்தில் பெயர்க் கட்டத்தைக் காலியாக விடுங்கள். இரண்டு பெயர் மிச்சம் இருந்தால் ஒரு வாரம் ஒன்று, மறு வாரம் இன்னொன்று என்று வீட்டில் எல்லாரும் கூப்பிட்டுப் பாருங்கள். இரண்டாவது வாரத்திலும் வாய் தவறி எந்தப் பெயர் வருகிறதோ அதை எழுதிக் கொடுங்கள்.